திட்டினால் திறக்கும் சர்வர்

இந்தப் பையை மேல வெச்சிரவா? வேணாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு டப்பா இருக்கு, சாஞ்சா கொட்டிரும். நீங்க ஜன்னல் ஓரமா உக்காந்துக்கோங்க, எனக்குக் காத்து ஆகாது. நாகர்கோவிலா? நானும் அங்கதான், வடசேரி ஸ்டாண்டு வரைக்கும். நர்ஸா நீங்க? வாட்சை உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருக்கீங்க பாருங்க, அதுலயே கண்டுபிடிச்சிட்டேன். எனக்கு அந்தக் கண்ணு உண்டு. எது எங்க சரியில்லைன்னு பாத்த உடனே சொல்லிருவேன்.

ஐயய்யோ, என் வாட்சைப் பாத்து உங்க வாட்சைத் திருத்தாதீங்க. என்னோடது பத்து நிமிஷம் கூட. ரிப்பேரெல்லாம் இல்ல, நான் வெச்சதுதான். எங்க வீட்டுல சமையக்கட்டுக் கடிகாரம், ஹால் கடிகாரம், இந்த வாட்ச், ஆபீஸ் லேப்டாப்பு, எல்லாமே பத்து நிமிஷம் முன்னாடிதான் ஓடும். எங்க அப்பா பழக்கம் அது. மில்லுக்கு ஷிப்டு போன மனுஷன், சங்கு ஊதுறதுக்கு முன்னாடி கேட்டுல நிக்கணும் அவருக்கு. லேப்டாப்பு தானா மணியைச் சரி பண்ணிக்கிடும்பாங்க, அதையும் நான் நிறுத்தி வெச்சிருக்கேன். பிறந்ததுலருந்து நான் ஒரு இடத்துக்கு லேட்டாப் போனது கிடையாது. இன்னைக்குக்கூட மாட்டுத்தாவணியில பஸ் வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே வந்து தேவுடு காத்துக் கிடந்தேன்.

நேரங்கறது சின்ன விஷயமா? சொல்லுங்க. என்னைப் பொண்ணு பாக்க ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து ஒரு மாப்பிள்ளை வந்தாரு. கரண்டு ஆபீஸ்ல வேலை. நல்ல இடம், நல்ல உயரம். பத்து மணிக்கு வர்றோம்னாங்க. எங்க ஹால் கடிகாரத்துல பத்து அடிச்சு, அது ஓஞ்சு, அதுக்கும் பத்து நிமிஷம் கழிச்சு வாசல்ல செருப்பைக் கழட்டுறாங்க. நான் காபியைக் குடுத்துட்டு உள்ள வந்து அப்பாட்ட சொல்லிட்டேன், இது சரிவராதுன்னு. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கே நேரத்துக்கு வரத் தெரியாதவரு அப்புறம் எதுக்கு நேரத்துக்கு வருவாரு? அப்பாவும் நியாயம்தான்னுட்டாரு. அதுக்கப்புறம் வந்தவங்களும் அப்படித்தாங்க. வந்த அம்புட்டுப் பேரும் கொஞ்சம் கொஞ்சம் லேட்டு. ஒருத்தர்கூடச் சரியா வரல. ஆம்பளைங்களுக்கே நேரம் தெரியாதுன்னு முடிவு பண்ணினேன். அப்படியே வருஷம் ஓடிருச்சு. அதுல எனக்கு வருத்தமெல்லாம் இல்ல. பேச்சு வந்துச்சு, சொன்னேன்.

இப்பப் போறதும் ஒருத்தருக்கு வேணாம்னு சொல்லத்தான். ஆமா, அதே விஷயத்துக்குத்தான். இந்த வயசுலயான்னு சிரிக்காதீங்க. சிரிக்கலையா, சரி. போன்லயே சொல்லிருக்கலாம்தான். ஆனா போன்ல வேணாம்னு சொல்றது மரியாதை இல்ல பாருங்க. நேர்ல போகணும், மூஞ்சியைப் பாத்து, சார், இன்ன காரணம், அதனால வேணாம்னு சொல்லணும், அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துரணும். எங்க தம்பி பொண்டாட்டி, ஆபீஸ் இன்ஸ்பெக்சன்னு நெனைச்சிட்டு இருக்கா. அவ நெனைக்கட்டும்.

சேலையா? புதுசில்லங்க. தீபாவளிக்கு எடுத்தது, இன்னைக்குத்தான் மடிப்பு பிரிச்சேன். கைக்கு வந்ததைக் கட்டிட்டு வந்தேன்.

காரணம் என்னன்னுதானே கேக்குறீங்க? சொல்றேன். அதைச் சொல்லணும்னா முதல்ல என் வேலையைச் சொல்லணும்.

என் பேரு அங்கயற்கண்ணி. ஆபீஸ்ல கண்ணி மேடம்பாங்க. மதுரையில ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பு, தெக்க எல்லா ஊர்லயும் பிராஞ்சு இருக்கு, அதுல கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது பூராவும் என் பொறுப்பு. அங்கங்க ரத்தம் எடுப்பாங்க, டெஸ்ட் பண்ணுவாங்க, ரிப்போர்ட் எல்லாம் ஒரு சர்வர்ல போய் உக்காரும். சர்வர் சென்னையில, ஒரு வாடகைக் கம்பெனியில இருக்கு.

செல்லுல நீங்க பேங்க் பக்கம் திறந்தா ஓரத்துல பூட்டு மாதிரி ஒரு படம் வருதுல்ல? அது என்னன்னா, நான் நெசமான பேங்குதான்னு அது உங்களுக்கு அடையாளம் காட்டுது. நீங்க யாருன்னு அது அந்த மாதிரி கேக்காது, பாஸ்வேர்டு கேக்கும், அவ்வளவுதான். எங்க லேப்புல அப்படி விட முடியுமா? அடுத்தவங்க வியாதி, விளையாட்டுக் காரியமா? அதனால ரெண்டு பக்கமும் அடையாளம் காட்டணும். சர்வரும் காட்டணும், பிராஞ்சுல இருக்குற கம்ப்யூட்டரும் காட்டணும். அந்த அடையாளத்துக்குத்தான் சர்ட்டிபிகேட்டுன்னு பேரு.

உங்க ஆஸ்பத்திரியில நோயாளிகூடத் தங்குறவங்களுக்குப் பாஸ் குடுப்பீங்கள்ல, இன்னாருக்கு, இன்ன நேரத்துலருந்து இன்ன நேரம் வரைக்கும்னு எழுதி, சீல் குத்தி? அதேதாங்க இது. எழுதிச் சீல் குத்துறது நான். சீல் என் லேப்டாப்புல இருக்கு, வேற ஒரு கை அதுல பட முடியாது. ஒரு மாசத்துக்கு ஒரு பாஸ், முடியிறதுக்கு முன்னாடியே அடுத்ததை வாங்கிரணும். அது நான் போட்ட சட்டம். சர்வருங்கறது வாசல்ல நிக்கிற வாட்ச்மேன். சீலைப் பாப்பான், நேரத்தைப் பாப்பான், சரியா இருந்தா உள்ள விடுவான். இல்லாட்டி ஏற்கப்படவில்லைன்னு ஒரு வார்த்தை, முடிஞ்சது. ஏன்னு சொல்ல மாட்டான். ஏன்ங்கறதை அவன் தனியா எழுதி வெச்சிருப்பான், அது சென்னைக்காரங்ககிட்ட இருக்கும், மெயில் போட்டுக் கேட்டா மறுநாள் அனுப்புவாங்க. நான் கேட்டதே இல்ல. மறுநாள் வரைக்கும் யாரு காத்திருக்கறது? அதுக்குள்ளதான் வேலை செய்ய ஆரம்பிச்சிருமே.

எப்படி ஆரம்பிக்கும்னா, அங்கதான் என் சாமர்த்தியம் இருக்கு.

பிராஞ்சு ஆளுங்கள்ல ரெண்டு ரகம். சிவகங்கையில முத்தழகர்னு ஒருத்தரு. காலையில நான் சர்ட்டிபிகேட்டை மெயில்ல அனுப்பினா, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலமாத்தான் திறந்தே பாப்பாரு. ஆனா கம்ப்யூட்டர்ல போட்டாருன்னா அவருக்கு ஒரே தடவையில ஏறிரும், சர்வர் உள்ள விட்டுரும். இன்னொரு ரகம் துறுதுறுப்பு. மெயில் எப்ப வரும்னு பாத்துட்டே உக்காந்திருந்து, வந்த உடனே ஏத்துவாங்க. அவங்களுக்கு ஏறவே ஏறாது. ஏற்கப்படவில்லை, ஏற்கப்படவில்லைன்னு அதையே சொல்லும். இதுலருந்து என்ன தெரியுது? அவசரக்காரங்க எதையோ தப்பா அமுக்குறாங்க. அவசரப்படாதீர்கள்னு எல்லா பிராஞ்சுக்கும் நான் மெயிலே போட்டேன். முத்தழகரை உதாரணமாக் காட்டினேன். அந்த மனுஷனுக்கு ஒரே பெருமை.

ஏறாதவங்க எனக்குப் போன் பண்ணுவாங்க. நான் திட்டுவேன். வாய்க்கு வந்தபடி இல்லங்க, முறையாத் திட்டுவேன். ஃபைலை எங்க வெச்சீங்க, பழசை எடுத்தீங்களா, பாஸ்வேர்டைப் பாத்து அடிச்சீங்களா பாக்காம அடிச்சீங்களா, போன மாசமும் இதே கதை, அதுக்கு முந்தின மாசமும் இதே கதை, சம்பளம் மட்டும் கரெக்டா வாங்கத் தெரியுதுல்லன்னு ஒரு சுத்து வருவேன். விருதுநகர்ப் பொண்ணு ஒண்ணு அழுதே போச்சு. எல்லாம் முடிச்சிட்டு, ம், இப்பப் போடுங்கம்பேன். டக்குனு ஏறிரும். ஒரு தடவை ரெண்டு தடவை இல்லங்க. நான் திட்டி ஏறாத சர்ட்டிபிகேட்டே கிடையாது. சர்வரு கண்ணி மேடம் குரலுக்குத்தான் கட்டுப்படுதுன்னு ஆபீஸ்ல பேசிக்குவாங்க. கிண்டல்தான், எனக்குத் தெரியாதா. ஆனா விஷயம் உண்மைதானே? திட்டு விழுந்ததும் மூளை முழிச்சுக்குது, ஒழுங்கா அமுக்குறாங்க.

இந்த லட்சணத்துலதான் நாகர்கோவில் பிராஞ்சுக்கு இவரு வந்து சேந்தாரு. தாணுமாலயன்னு பேரு. அம்பது தாண்டினவரு. சம்சாரம் தவறி ரொம்ப நாளாச்சு, ஒரே பொண்ணு, கட்டிக்குடுத்து திருவனந்தபுரத்துல இருக்கு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? அவரே சொன்னதுதான். நான் ஏன் கேக்கப் போறேன்.

முதல் மாசம் போன் வந்துச்சு. ஏறலைன்னாரு. நான் ஆரம்பிச்சேன். ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள, "மன்னிச்சிருங்க மேடம், தப்பு எனக்க மேலதான்"னுட்டாரு. அதுக்கு மேல எப்படித் திட்டுறது? சரி போடுங்கன்னேன். ஏறல. மறுபடி திட்டப் போனேன், மறுபடியும் "தப்பு எனக்க மேலதான்." ஏறல. எனக்கு ஒண்ணும் ஓடல. இந்த ஆளுக்கு மனசுல வருத்தமே இல்ல, வாயால மட்டும் மன்னிப்புக் கேக்குறாருன்னு தோணுச்சு. அதுக்கும் சேத்துத் திட்டினதுக்கு அப்புறம்தான் ஏறுச்சு.

அடுத்த மாசமும் அதே. மூணாவது தடவை ஒரு கூத்து. நான் மும்முரமாத் திட்டிட்டு இருக்கேன், நடுவுல புகுந்து கேக்குறாரு, "மேடம், உங்க லேப்டாப்புல இப்ப மணி என்ன காட்டுகு?" பாத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுன்னு கணக்குப் போடுற சத்தம். "செரி மேடம்"னாரு. ஏன் கேக்குறீங்கன்னேன். "சும்மாதான் கேட்டேன்"னாரு. சாப்பாட்டு நேரமாச்சு, பசி போலன்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் மனுஷன் அடியோட மாறிட்டாரு. பயமே போயிருச்சு. ஏறலையான்னு கேட்டா, "இப்ப ஏறல மேடம், வரும்"பாரு. எப்ப வரும்? "வரும் மேடம், நீங்க பேசுங்க." என்ன அலட்சியம் பாத்தீங்களா? திட்டினாலும் சிரிக்கிற சத்தம் கேக்கும். திட்டு முடிஞ்சதும் பேச்சை வேற பக்கம் திருப்பிருவாரு. இன்னைக்கு என்ன சமையல், புளிக்குழம்புல என்ன போட்டீங்க, முழங்கால் வலின்னு சொன்னீங்களே இப்ப எப்படி இருக்கு. கேட்டா பதில் சொல்லணும்ல? சொல்வேன். அப்பாவைப் பத்திச் சொன்னேன், அவரு கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்ததைச் சொன்னேன். தம்பி பொண்டாட்டி என் டம்ளரைத் தனியா வெச்சதைச் சொன்னேன். அதை நான் வேற ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. அவரு ஊடால பேச மாட்டாரு. "செரி மேடம், செரி மேடம்"னு கேட்டுக்கிட்டு இருப்பாரு. நான் நிறுத்தினதும், "ஆங், வந்துட்டு மேடம், கனெக்சன் வந்துட்டு"ம்பாரு.

மாசத்துக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு போதும். இவருக்கு மட்டும் போதாது. கம்ப்யூட்டரை இடம் மாத்திட்டேன், புதுசு ஒண்ணு வேணும்பாரு. எலி வயரைக் கடிச்சிட்டு, புதுசு ஒண்ணு வேணும்பாரு. எலி கடிச்சதுக்கும் சர்ட்டிபிகேட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்னு கேட்டேன். "ஒரு பாதுகாப்புக்குத்தான் மேடம்"னாரு. குடுத்தேன். குடுத்த ஒண்ணுகூட உருப்படியா ஏத்தத் தெரியல. எல்லாத்துக்கும் நான் பேசணும்.

இதுல அதிசயம் என்னன்னா, தெக்க மத்த பிராஞ்சுல மெசின் நின்னுபோனா எல்லாரும் இவரைத்தான் கூப்பிடுறாங்களாம். போன்லயே சரி பண்ணிக் குடுத்துருவாராம். விருதுநகர்ப் பொண்ணு சொல்லுச்சு. ஊர்ல அம்புட்டு நல்ல பேரு. ஒரு சர்ட்டிபிகேட்டு ஏத்தத் தெரியல.

இல்ல, ஒரே ஒரு நாள் ஏத்தினாரு. அதையும் சொல்லிரணும். அன்னைக்கு அங்க இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகிப்போச்சு. ஒரு பச்சக்குழந்தையோட ரத்தம் வந்திருக்கு, டாக்டர் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டுட்டு நிக்கிறாரு, அது சர்வர்லதான் இருக்கு. வேற கம்ப்யூட்டரை வெச்சாச்சு, அதுல சர்ட்டிபிகேட்டு வேணும். இருங்க சார், இப்பவே புதுசு போட்டு அனுப்புறேன்னேன். "வேண்டாம் மேடம், புதுசு வேண்டாம். போன வாரம் அனுப்பினீங்கல்லா, எலிக்கு, அது தொடாம அப்படியே கையில இருக்கு"ன்னாரு. போட்டாரு. ஏறிருச்சு. நான் வாயைத் திறக்கக்கூட இல்லங்க. குழந்தை பொழைச்சிருச்சுன்னு மறுநாள் போன் பண்ணிச் சொன்னாரு, எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. பயம் வந்தா இவருக்கும் கை ஒழுங்கா வேலை செய்யும் போலன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அவசரம் இல்லாத நாள்ல மறுபடி பழைய கதைதான்.

இப்ப என்ன ஆச்சுன்னா, ஆபீஸ்ல புது ஏற்பாடு. அடுத்த மாசத்துலருந்து சர்ட்டிபிகேட்டெல்லாம் தானாவே மாறிக்கிடும். நான் எழுத வேணாம், மெயில் அனுப்ப வேணாம், யாரும் போன் பண்ண வேணாம். எல்லாருக்கும் நிம்மதி. விருதுநகர்ப் பொண்ணு கோயில்ல தேங்கா உடைச்சதாக் கேள்வி. இவருக்கும் சொன்னேன். "அப்ப நீங்க இனி என்னைத் திட்ட மாட்டீங்கல்லா?"ன்னாரு. திட்ட வேண்டிய அவசியம் இருக்காது சார்னேன். "அதான் கேக்கேன் மேடம், வேற ஏதாவது வழி உண்டா?"ன்னாரு. என்ன பிரச்சனைன்னாலும் ஆபீஸ் மெயிலுக்கு எழுதுங்க, வரிசைப்படி பாப்போம்னேன். அவரு சிரிச்சிட்டாரு. "மெயில்ல எழுதுகது இல்ல மேடம் இது. எனக்க மகள்ட்ட பேசிட்டேன், அவளுக்குச் சந்தோஷம்தான். உங்களுக்குச் சம்மதம்னா நாம கல்யாணம் பண்ணிக்கிடலாம்."

போனை வெச்சிட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

ரெண்டு நாளு யோசிச்சேன். ஆளு குணம் நல்ல குணம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா என்னங்க, ஒரு வேலையை ஒரு தடவையில செய்யத் தெரியாத மனுஷன். வருஷம் ஒண்ணாச்சு, ஒரு சர்ட்டிபிகேட்டை ஏத்தக் கத்துக்கல. அவரை வெச்சுட்டு நான் குடும்பம் நடத்தவா? கேஸ் அடுப்பைப் பத்த வைக்கக்கூட நான் பக்கத்துல நின்னு திட்டணுமா? அதான் வேணாம்னு முடிவு பண்ணினேன். காரணம் அது ஒண்ணுதான். ஆனா ஒண்ணு போதும்ல?

டப்பாவுல மோர்மிளகா. நான் போட்டதுதான். அவங்க ஊர்ல கடையில வாங்குறது உப்புக் கரிக்குதுன்னாரு ஒரு தடவை. வெறுங்கையோட போறது முறையில்லைன்னு கொஞ்சம் எடுத்துட்டு வந்தேன். வேணாம்னு சொல்றதுக்கும் மோர்மிளகாய்க்கும் சம்பந்தம் இல்லங்க. ஏன் சிரிக்கிறீங்க?

பஸ் நாலு மணிக்கு வந்திரும் சார்னு நேத்து போன்ல சொன்னேன். அதுக்கு அவரு, "உங்க வாட்ச்படிதானே மேடம்? செரி, உங்க வாட்ச்படி நாலுக்கு வந்து நிக்கேன்"னாரு. அது என்ன பேச்சோ. ஊருக்கெல்லாம் ஒரு மணிதானே.

ஆமா, என் வாட்ச் கூட ஓடுறதுதான். அதைத்தான் ஏறின உடனே உங்ககிட்டச் சொன்னேனே. அவருக்கு எப்படித் தெரியும்னா... நான் சொல்லிருப்பேன். எம்புட்டோ பேசிருக்கேன், அதுல சொல்லிருப்பேன்.

இல்லையே. சொல்லலையே. கடிகாரத்தைப் பத்தி நான் யார்ட்டயும் சொல்றதில்லங்க, சிரிப்பாங்கன்னுட்டு. உங்ககிட்டச் சொன்னதே நீங்க மணியைப் பாத்தீங்கன்னுதான்.

அவரும் ஒரு தடவை மணி கேட்டாரு. லேப்டாப்புல என்ன மணின்னு.

இருங்க. கொஞ்சம் இருங்க.

பாஸ் எழுதுறது என் லேப்டாப்பு. இன்ன நேரத்துலருந்து செல்லும்னு அது போடுமே, அந்த நேரத்தை லேப்டாப்பு மணியைப் பாத்துத்தான் போடும். அது பத்து நிமிஷம் கூட. அப்ப பன்னெண்டு மணிக்கு நான் எழுதுற பாஸு பன்னெண்டு பத்துலருந்துதான் செல்லும். சென்னையில நிக்கிற வாட்ச்மேன் சரியான மணி வெச்சிருப்பான். உடனே கொண்டுபோய் நீட்டினா என்ன சொல்வான்? இன்னும் நேரம் ஆகலைம்பான். பத்து நிமிஷம் கழிச்சு அதே பாஸை நீட்டினா வாங்க வாங்கம்பான்.

முத்தழகரு தூங்கி எந்திரிச்சு நீட்டுனாரு. அதான் அவருக்கு ஏறிச்சு. துறுதுறுப்பா உடனே வேலையைப் பாத்த அம்புட்டுப் பேருக்கும் ஏறல. அப்ப நான் திட்டினது? நான் ஒரு சுத்துத் திட்டி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகுமுங்க. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. கடவுளே, அந்த விருதுநகர்ப் பொண்ணு.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரு. சரி, விடுங்க. அதை இப்ப நெனைக்க வேணாம்.

இந்த மனுஷன் மூணாவது போன்லயே கண்டுபிடிச்சிட்டாருங்க. மேடம், உங்க மணி கூட இருக்குன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிருந்தா அன்னைக்கே எல்லாம் சரியாப் போயிருக்கும். அதுக்கப்புறம் எந்தப் பிராஞ்சுலயும் ஏறாம நின்னிருக்காது. நானும் அவருகூடப் போன்ல பேச வேண்டிய வேலையே இருந்திருக்காது.

அதுக்குத்தான் சொல்லல.

குழந்தைக்கு ஆபத்துன்னதும் கையில இருந்த பழசை எடுத்துப் போட்டாரு பாருங்க. புதுசு வேண்டாம் மேடம்னாரு. எல்லாம் தெரிஞ்சிருக்கு. எலியும் இல்ல ஒண்ணும் இல்ல. வருஷம் பூரா என்னை முட்டாளாக்கிருக்காரு. எம்புட்டுத் தைரியம்? எனக்கு வர்ற கோவத்துக்கு இப்படியே இறங்கித் திரும்பிப் போயிரலாம் போல இருக்கு. ஆனா பாருங்க, என்கூடப் பேசிட்டு இருக்கணும்ங்கறதுக்காக ஒருத்தரு இம்புட்டு நாளு திட்டு வாங்கிருக்காரு. எங்க வீட்டுல நான் பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க. இல்லங்க, அழுகையெல்லாம் இல்ல. காத்து ஆகாதுன்னு சொன்னேன்ல, நீங்க ஜன்னலைத் திறந்து வெச்சிட்டீங்க.

இது எந்த ஊரு, கரண்டு எடுக்குற காத்தாடியா நிக்கிது? ஆரல்வாய்மொழியா? வந்தாச்சா அதுக்குள்ள? நான் வேணாம்னு சொல்றதுக்கு ஒரே ஒரு காரணம்தான் வெச்சிருந்தேன், அதுவும் போச்சு. இனி வேற காரணம் கண்டுபிடிக்கணும். வடசேரி வர்றதுக்குள்ள முடியுமா? நீங்க ஏதாவது சொல்லுங்களேன். நல்ல காரணமா. அட, நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்தா எப்படி?

வடசேரி நெருங்கிருச்சு, என் வாட்ச்ல நாலு அடிக்கப் போகுது. உங்கதுல நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்ல? திருத்திரலாமான்னு கை போகுது. வேணாம், இன்னைக்கு ஒரு நாளு அப்படியே இருக்கட்டும். அவரு எந்த மணிக்கு வர்றாருன்னு பாப்போம். உங்க மணிக்கு வந்தாருன்னா அது ஒரு காரணம் ஆச்சு. லேட்டா வந்த ஆளு வேணாம்னு சொல்லிட்டுத் திரும்பிருவேன். எனக்குப் பழக்கம்தான்.

ஸ்டாண்டுக்குள்ள திரும்பிருச்சு. கொஞ்சம் குனிங்க, நான் எட்டிப் பாத்துக்கிறேன். இந்தக் கூட்டத்துல எங்கன்னு தேடுறது. நான் அவரை நேர்ல பாத்ததே இல்லங்க, ஆபீஸ் அடையாள அட்டையில பாத்த மூஞ்சிதான். அந்தத் தூணுக்குப் பக்கத்துல, நீலச் சட்டை, பாருங்க, கையில குடையோட. பஸ்ஸு பேரைப் படிக்கிறாரு. அவருதான்.

வந்துட்டாருங்க. என் வாட்ச்ல இப்பத்தான் நாலு. வந்து ரொம்ப நேரமாச்சு போல, பக்கத்துல காலி டீ கிளாஸ் இருக்கு. என் வாழ்க்கையில என் நேரத்துக்கு வந்த முதல் ஆளு.

என்ன சொல்லப் போறேனா? முதல்ல திட்டப் போறேன். முறையாத் திட்டணும், மணி கேட்டதுலருந்து ஆரம்பிச்சு எலி வரைக்கும். இந்தத் தடவை பத்து நிமிஷத்துல முடியாது. அந்த டப்பாவை மட்டும் சாயாம எடுத்துக் குடுங்க. அவரு நிப்பாரு.